துணைக்குப் போனவர்

“போன மாசம் மதுரைக்குப் போனேன்லா, அதுக்குத்தான். வயித்தைக் கிழிக்கலை, தையல் போடலை. ஒண்ணுக்குப் போற வழியாவே குழாயை விட்டு, அடைச்சிக்கிட்டிருந்த சதையைச் சொரண்டி எடுத்துட்டாங்க. நாலாம் நாள் வீட்டுக்கு வந்துட்டேன்.”

சீனியின் டீக்கடையில் அத்தனை பேரும் கேட்கும்படி பூவனநாதன் சொன்னபோது, பக்கத்தில் இருந்த வேல்சாமிக்குக் காது கூசியது. பருத்திக் கமிஷன் கடை முதலாளி, ஊர் மதிக்கிற மனுஷர், புராஸ்டேட் வீக்கத்தை இப்படியா நடுக்கடையில் விளம்பரம் செய்வார்? பெஞ்சில் இருந்தவர்கள் டம்ளருக்குள் சிரித்தார்கள்.

வேல்சாமிக்கும் அதே பாடுதான். ஆனால், தீப்பெட்டி ஆபீஸ் வேல்சாமி யாரிடமும் தலைகுனிந்தவர் இல்லை. போன வாரம் நீர் சுத்தமாக அடைத்து உயிர் போய் வந்தபோதுகூட, கட்டிய மனைவியிடம் வாய் திறக்கவில்லை. ஆபரேஷன் என்றால் வயிற்றைக் கிழிப்பார்கள், ஊரே ஆர்லிக்ஸ் பாட்டிலோடு வந்து நிற்கும் என்ற பயம் வேறு.

“திரும்பக் காட்டணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. துணைக்கு வாரியளா, அண்ணாச்சி?” என்று பூவனநாதன் கேட்டார். வேல்சாமி பெரிய மனது பண்ணி ஒத்துக்கொண்டார்.

பஸ் சாத்தூரைத் தாண்டியதும் வேல்சாமி நெளிய ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்துப் பூவனநாதன் எழுந்து, தனக்கு முட்டுகிறது, வண்டியை நிறுத்த வேண்டும் என்று கண்டக்டரிடம் கெஞ்சினார். துணைக்கு இறங்குகிறவர் போல வேல்சாமியும் இறங்கிக்கொண்டார். விருதுநகருக்கு அப்புறமும் அதே கதை. ஏச்செல்லாம் பூவனநாதனுக்குத்தான். நல்லவேளை, நம் மானம் தப்பியது என்று வேல்சாமி நினைத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் பூவனநாதன் மெதுவாகச் சொன்னார்: “வந்ததுக்கு நீங்களும் ஒருக்காக் காட்டிருங்களேன். ஊர்ல யாருக்குத் தெரியப் போவுது?”

காட்டினார். கத்தி படாமலே காரியம் முடிந்தது. குழாயை எடுத்த பிறகு தடையில்லாமல் போனபோது, வேல்சாமிக்குப் பழைய மிடுக்கு திரும்பிவிட்டது. ஊருக்குக் கிளம்பும் அன்று டாக்டரைத் தாராளமாகவே பாராட்டினார், பூவனநாதனைக் காட்டி, இவருக்கும் நீங்கள்தானே செய்தீர்கள் என்று.

“இவருக்கா? இவருக்கு ஒண்ணுமே இல்லையே!” என்றார் டாக்டர். “போன மாசம் வந்து, ‘கல்யாண வீட்டுல முதல் வரிசையில உக்காருத என் சிநேகிதர், இப்பம் வாசல் ஓரமா உக்காருதாரு. வாய்விட்டுச் சொல்ல மாட்டாரு. கிழிக்காம வைத்தியம் இருக்கா’ன்னு கேட்டுட்டுப் போனாரு.”

பூவனநாதன் அவசரமாகப் பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

திரும்பும்போது பஸ்ஸை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. கோவில்பட்டியில் இறங்கி டீக்கடைப் பக்கம் வந்ததும் சீனி, “பூவனநாதன் அண்ணாச்சி, இப்பம் ஒழுங்காப் போவுதா?” என்று கேட்டான். பெஞ்சு சிரித்தது.

வேல்சாமி முன்னால் வந்து நிமிர்ந்து நின்றார்.

“அவர ஏம்ல கேக்க? ஆபரேஷன் நடந்தது எனக்கு. அவரு என் துணைக்கு வந்தவரு” என்றார், தெருவுக்கே கேட்கும்படி.