எல்சி அக்காவின் குடை

சாட்டை ரவிச்சந்திரனின் முதுகில் சுளீரென்று விழுந்தது. சட்டை கிழிந்து ரத்தம் கோடு போட்டது. அடிப்பது நாடகத்தில் கிடையாது என்பது அத்தனை கூட்டத்திலும் எல்சி ஒருத்திக்குத்தான் தெரியும்.

சாட்டையை வீசியவள் அவன் மனைவி ரதி. ரெம்பாவ் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில், ஆடிக் கூழ் கொதித்துக்கொண்டிருக்கும்போது, பட்டப்பகலில் தலைவிரி கோலமாக ஆடிக்கொண்டிருந்தாள்.

எல்சி சிரம்பானில் ஒரு வீடு நடத்துகிறாள். புருஷனிடம் அடி உதை பட்டு, வெளியே சொல்லக் கூசுகிற கொடுமையும் பட்டு, ஓடிவரும் தமிழ்ப் பெண்களுக்கான வீடு. ரதியும் அங்கேதான் இருக்கிறாள்.

இந்த மாதத்தோடு அந்த வீட்டுக்கு அரசு மானியம் கிடையாதாம். எல்லாருக்கும் பொதுவாக ஒரு காப்பகம் இருக்கிறதே, அங்கே அனுப்புங்கள் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். அங்கே போனவர்கள் நடந்ததைத் தமிழில் வாய்விட்டுச் சொல்லி அழக்கூட ஆளில்லாமல் அடித்தவனிடமே திரும்பிப் போனதை எல்சி கண்ணால் பார்த்திருக்கிறாள்.

ரதி வாழ்ந்த இந்தத் தோட்டத்துக் கோயிலில் பணம் இருந்தது. தலைவர் அர்ச்சுனனிடம் போய்க் கெஞ்சினாள். "புருஷன் பொண்டாட்டி சண்டைக்கெல்லாம் கோயில் காசப் போட முடியாதும்மா. வாசல்ல வளைவு கட்டப் போறோம்லா" என்று அவர் கையை விரித்துவிட்டார்.

யோசனை சொன்னது ரதிதான். "மனுஷி கேட்டாத்தானக்கா குடுக்க மாட்டாங்க. சாமி வந்த மாதிரி நா ஆடி கேக்கறேன்."

ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற எல்சி சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள். வேறு வழி இல்லாமல் தலையாட்டினாள். பேசி வைத்தது இவ்வளவுதான்: பூசை நேரம் பார்த்து எல்சி குடையை விரிப்பாள். உடனே ரதி ஆட வேண்டும், வீட்டுக்குப் பணம் கேட்க வேண்டும், மயங்கி விழுந்துவிட வேண்டும்.

காலையில் வேனை விட்டு இறங்கும்போதே ரவிச்சந்திரன் பார்த்துவிட்டான். "வா, வா. அந்த வூட்ட மூடுனதும் எங்கிட்டத்தான வரணும். அப்ப வச்சிக்கறேன்" என்று பல்லைக் கடித்தான். ரதி எல்சியின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள்.

அந்தப் பயத்திலோ என்னவோ, பாவம், முந்திக்கொண்டுவிட்டாள். உடுக்கை ஒலித்ததுதான் தாமதம். எல்சி குடையின் பட்டையை அவிழ்ப்பதற்குள் அலறிக்கொண்டு ஓடி, மதுரைவீரன் சன்னதியில் தொங்கிய சாட்டையை உருவிவிட்டாள். எல்சி குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மற்றவர்களோடு கையைக் கூப்பினாள்.

"வெலா ஒடிஞ்சி கெடந்தவள கூட நீ விடலியேடா. வேணா வேணான்னு அழுதாளே, வாயப் பொத்துனியேடா." சாட்டை மறுபடி இறங்கியது. இந்த முறை ரவிச்சந்திரனின் காது கிழிந்து கழுத்தெல்லாம் ரத்தம்.

"நடிக்கிறா இவ. இன்னிக்கு இவள கொன்னுட்டுத்தான் மறுவேல" என்று கூழ் கிண்டும் துடுப்பைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தான்.

நாலு ஆண்கள் அவனை மடக்கி மண்ணில் அமுக்கினார்கள். "சாமி மேலயா கை ஓங்கற?" என்று ஆளுக்கொரு மிதி மிதித்தார்கள். இதே தோட்டத்து லய வீட்டில் ரதி அலறிய நாளெல்லாம் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்ட அதே ஆட்கள்தான். இவர்களுக்கும் நாலு சாத்து விழுந்தால் தேவலை என்றிருந்தது எல்சிக்கு.

ரதி தலைவர் பக்கம் திரும்பினாள். "எனக்கு வளைவு எதுக்குடா அர்ச்சுனா? சிரம்பான்ல எம் புள்ளைங்க இருக்கற வூட்ட மூட விட்ருவியா?"

"தாயே, கமிட்டில கலந்து பேசி..."

சாட்டை அவர் தோளைச் சுற்றி இழுத்ததில் மனிதர் குப்புற விழுந்தார். "பஞ்சாலை வந்து ஒங்கதவ தட்டுனாளே, அன்னிக்கும் பேசித்தான் அனுப்புனியா? வவுத்துல புள்ளயோட போயி மருந்த குடிச்சாளே."

தலைவர் முகத்தில் அறைந்துகொண்டு அழுதார். பஞ்சாலை அவருடைய தங்கையாம். அந்தப் பேரையே தோட்டத்தில் யாரும் எடுக்க விட்டதில்லையாம். பக்கத்தில் நின்ற பெண் கிசுகிசுத்தாள். தோட்டத்தில் எதுதான் ஒளியும், ரதி எங்கேயாவது காதில் வாங்கியிருப்பாள் என்று எல்சி நினைத்துக்கொண்டாள்.

"மூட விடமாட்டேன் தாயே. இனிமே அந்த வூடு கோயிலோட பொறுப்பு." எரிகிற கற்பூரத்தில் கையடித்துச் சத்தியம் செய்தார் அர்ச்சுனன். சாட்டை நழுவியது. ரதி வேரற்ற மரமாகச் சாய்ந்தாள்.

ரவிச்சந்திரனைப் பிடித்திருந்தவர்களே அவனைப் போலீசுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். எல்சி ரதியை வேப்பமரத்து நிழலில் மடியில் போட்டு, மஞ்சள் தண்ணீரால் முகத்தைத் துடைத்தாள்.

"போதும், எழுந்திருடி" என்று காதோரம் சொன்னாள். "நல்லாத்தான் ஆடுன. ஆனா சாட்டைய எடுக்கச் சொன்னது யாரு?"

ரதி கண்ணைத் திறந்தாள். மிரள மிரளச் சுற்றிலும் பார்த்தாள். பிறகு எல்சியின் கக்கத்தில் மடங்கியபடியே இருந்த குடையைப் பார்த்தாள்.

"அக்கா, நீங்க இன்னும் குடைய விரிக்கவே இல்லியே."