மாதம் ஒரு பை மீன்

“போன மாசம் வாங்கின மீனும் போயிடுச்சா சார்?” வண்ணமீன் கடைக்காரருக்கு மனசு கேட்கவில்லை.

“ஆமா. அதே மாதிரி ஒரு பை குடுங்க.”

“வீட்ல பிள்ளைங்க அழுவாங்களே?”

“எல்லாருக்கும் பழகிடுச்சு.”

“தண்ணியிலதான் ஏதோ கோளாறு. நானே வந்து பாக்கறேன்.”

வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், கடைக்காரர் மீன் பையோடு அவர் காரில் ஏறிக்கொண்டார்.

கார் ஒரு சாய ஆலைக்குள் நுழைந்தது. “வணக்கம் மேனேஜர் சார்” என்று காவலாளி சல்யூட் அடித்தார். வரவேற்பறைத் தொட்டியில் தண்ணீர் மட்டும் இருந்தது. மேலே ஒரு பலகை: ‘நாங்கள் சுத்திகரித்து ஆற்றில் விடும் நீரில் துள்ளி விளையாடும் மீன்கள்!’

கடைக்காரர் விரலை நனைத்து முகர்ந்து பார்த்தார்.

“சார், இதுல விட்டா சாயந்தரம் வரைக்கும்கூடத் தாங்காது.”

“அவ்வளவு நேரம் எதுக்கு?” என்றார் மேனேஜர். “சோதனைக்கு வர்ற அதிகாரி மத்தியானமே கிளம்பிடுவார்.”