மீட்டரும் மூன்றாவது ஆளும்

காஜா பேராங் தெருவில் இருந்த வாப்பாவின் ரேடியோ கடையில், வந்த இளைஞனிடம் மீட்டரை நீட்டினாள் ரஹீமா.

“ரேடியோ சோதிக்கிற மீட்டர். முள்ளு அசையல. என்ன கோளாறு?”

“என்னையே சோதிக்கிறீங்களா?”

“நாட்டுக்கே மெர்டேக்கா, சுதந்திரம் வந்தாச்சு, நான் கேள்வி கேக்கக் கூடாதா? முன்னாடி வந்த ரெண்டு பேரும் திறந்துகூடப் பாக்காம, ‘உள்ள காயில் கம்பி எரிஞ்சுபோச்சு, தூக்கிப் போடு’ன்னாங்க. அனுப்பிட்டேன். தேறலைன்னா நீங்களும் நடையைக் கட்டலாம்.”

அவன் மீட்டரின் பின்மூடியைக் கழற்றினான். சிரித்துவிட்டான்.

“பேட்டரியே இல்லலா! யாரு கழட்டுனது?”

“நான்தான்.”

இழுப்பறையிலிருந்து அவள் எடுத்துக் கொடுத்த பேட்டரியைப் பொருத்தி, இரண்டு வயர் முனைகளையும் ஒன்றாகத் தொட்டான். முள் துள்ளியது.

ரஹீமா உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

“வாப்பா! இவங்க உம்மாகிட்ட சொல்லிடுங்க. மாப்பிள்ளைய எனக்குப் பிடிச்சிருக்கு!”