கிடங்குச் சாவி

"ஐயா, ஒரு படி மாவு போதும். பையன் ஆப்போ மூணு நாளா மரப்பட்டை ரொட்டியையும் கக்குறான்," என்றாள் ஹெத்தா. பின்லாந்து முழுக்கப் பஞ்சம். உறைந்த ஏரியைக் கடந்து வந்ததில் அவள் பாவாடை பலகையாய் விறைத்திருந்தது.

போதகர் சுவரில் தொங்கிய தானியக் கிடங்குச் சாவியைப் பார்த்தார். "முன்ன மாதிரி இல்லம்மா. சட்டம் மாறிடுச்சு. ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம், இவ்வளவுதான் இனி திருச்சபைக்கு. ஏழைங்க கஞ்சியெல்லாம் ஊராட்சியோட பொறுப்பு."

"ஊராட்சின்னா யாருங்க ஐயா?"

"வியாழக்கிழமை தலைவரைத் தேர்ந்தெடுப்பாங்க. அவர்கிட்ட கேளு."

"அதுவரைக்கும் ஆப்போ தாங்கணுமே."

"நான் சட்டத்தை மீறலாமா?"

வியாழக்கிழமை ஆப்போவுக்கு அழக்கூடத் தெம்பில்லை. அவனைச் சால்வையில் சுற்றி முதுகில் கட்டிக்கொண்டு வந்தாள்.

"உள்ள போ," என்றான் ஊராட்சி வாசலில் நின்றவன். "எழுதத் தெரிஞ்ச ஒரே ஆளைத் தலைவராக்கிட்டோம்."

உள்ளே மேசைமேல் அதே சாவி கிடந்தது. அதன் பின்னால் அதே போதகர் உட்கார்ந்திருந்தார்.

ஹெத்தாவுக்குப் போன உயிர் வந்தது. "ஐயா, நீங்கதானா."

"இங்கே நான் தலைவர். நீ ஏழைன்னு போதகர்கிட்ட கடிதம் வாங்கினியா?"

"உங்ககிட்டயா?"

"போதகர்கிட்ட. ஞாயிறு ஆராதனை முடிஞ்சதும் போய்ப் பாரு. அதுவரைக்கும் அவருக்கு நேரமில்லை."

ஹெத்தா முதுகுப்பக்கம் கைவிட்டுப் பையனின் காலைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்றிருந்தது.

"ஞாயித்துக்கிழமை போதகர்கிட்ட அடக்கத்துக்குத்தான் வரணும் ஐயா," என்றாள்.