ஒன்பது மணி வெயில்

போட்டோவில் வெயில் பளிச்சென்று அடித்தது. பின்பக்கம் ‘ராத்திரி ஒன்பது மணி, வீட்டு வாசலில்’ என்று தணிகைவேல் எழுதியிருந்தான்.

வச்சலா திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கல்யாணமாகி எட்டு மாதத்தில் புருஷன் அவளிடம் ஒரு பொய்யும் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் அவளுக்குத் தெரிந்திருக்காது, அது வேறு விஷயம்.

மகாபலிபுரம் கடற்கரை பங்களாவில் நார்வே துரைக்குச் சமைக்கிறவன் அவன். கோடை லீவுக்கு ஆஸ்லோ பட்டணம் கிளம்பிய துரை, மீன் குழம்பைப் பிரிய மனமில்லாமல் அவனையும் மூன்று வாரத்துக்குக் கூட்டிப்போய்விட்டார். போன இடத்தில் துரை குடும்பம் ஏதோ தீவுக்குப் போய்விட்டதாம். வீட்டுக்குக் காவலாகத் தான் மட்டும் இருப்பதாகவும், பேச்சுத் துணைக்கு ஈ காக்கை இல்லை என்றும் போட்டோவோடு வந்த கடிதத்தில் இருந்தது. அதைப் படித்து வச்சலா அழுதுவிட்டாள்.

அவள் அப்பா தேசப்பனுக்குக் கடிகாரம் தேவையில்லை. கரையில் கிடக்கும் கட்டுமரத்தின் நிழலைப் பார்த்தே மணி சொல்வார், பத்து நிமிஷம் பிசகாது. போட்டோவை வாங்கியவர், தரையில் விழுந்திருந்த நிழலில் விரலை வைத்தார்.

“இவ்ளோ நீட்டு நிழலு சாயங்காலம் அஞ்சரைக்குதான் வுழும். ஒம்போதுன்னு எதுக்கு எழுதிக்கீறான்?”

வச்சலா போட்டோவைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். இந்தச் சின்ன விஷயத்துக்கே பொய் சொல்கிறவன் இன்னும் எதையெல்லாம் மறைப்பான்?

மனசு கேட்காமல் பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள்.

உலகநாதன் வாத்தியார் சிரித்தார். வடகோடி தேசங்களில் கோடையில் ராத்திரி பத்து மணி வரைக்கும் சூரியன் இறங்காது, உன் புருஷன் எழுதியதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை என்றார்.

வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. சந்தேகப்பட்ட புத்தியைத் திட்டிக்கொண்டே சவுக்குத் தோப்பு வழியாகத் திரும்பினாள். ஆசையாகப் போட்டோவை இன்னொரு தரம் எடுத்தாள்.

அப்பா விரல் வைத்த நிழலை இப்போதுதான் சரியாகப் பார்த்தாள்.

அது தணிகைவேலின் நிழல் இல்லை. அவனுடையது அவனுக்குப் பின்னால் விழுந்திருந்தது. இது போட்டோவின் கீழ் விளிம்பிலிருந்து, படம் எடுத்தவர் நின்ற பக்கமிருந்து நீண்டு, அவன் காலை உரசிக்கொண்டு போயிற்று. மணி பார்க்கிற மும்முரத்தில் அப்பா அது யாருடைய நிழல் என்று பார்க்கவேயில்லை.

இரண்டு மெல்லிய கால்கள். அதற்கு மேல் குடையாக விரிந்த கவுன்.

துணைக்கு ஆளில்லாத வீட்டு வாசலில், ராத்திரி ஒன்பது மணிக்கு.

அவன் எழுதிய ஒன்பது மணி பொய்யாகவே இருந்திருக்கக் கூடாதா?

வீட்டு வாசலில் தேசப்பன் காத்திருந்தார். வாத்தியார் என்ன சொன்னார் என்று கேட்டார்.

போட்டோவை முந்தானையில் முடிந்துகொண்டே வச்சலா சொன்னாள்: “நீ சொன்னதுதான் கரீட்டு நைனா. அது பகல்ல எடுத்தது. அவுருதான் மணிய தப்பா எழுதிட்டாரு.”