கப்பல்காரன் பொரித்த பலகாரம்

நோன்பு திறக்கிற பாங்கு சொல்ல இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும்போது முத்தலிப் குசினிக்குள் நுழைந்து, கோதுமை மாப் பேணி எங்கே என்று கேட்டான்.

அவன் பெண்சாதி ஸல்ஹாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

கிண்ணியாவில் மாப்பிள்ளைமார் பெண்சாதியின் வீட்டுக்கு வந்து குடியிருப்பவர்கள். வந்து இருபது வருசமானாலும் மாப்பிள்ளை மவுசு குறையாது. குடித்த கோப்பையை எங்கே கழுவுவது என்றுகூட அவர்கள் தெரிந்துவைத்திருக்கத் தேவையில்லை. முத்தலிப்பும் அந்த இனம்தான். ஊரே பேக்கரி வாசலில் பாணுக்குக் கியூவில் நின்ற காலத்தில், தேயிலை ஏற்ற வந்த கிரேக்கக் கப்பல் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து திருகோணமலையை விட்டுப் போகும்வரை, தண்ணீரைக்கூடத் தானாக வார்த்துக் குடித்தவனில்லை.

நாலு வருசம் கழித்துப் போன கிழமைதான் திரும்பியிருந்தான்.

"கஞ்சியோட கடிச்சுக்கொள்ள நான் ஒண்டு செய்றன் புள்ள, நீ சும்மா இரி" என்றான்.

சும்மா இருக்கிற நிலையிலா அவள் இருந்தாள்?

ஒரு சுண்டு மாவை அளந்து கொட்டினான். உப்பு, எண்ணெய், இரண்டு சொட்டு வினாகிரி. குழைத்து ஈரத்துணியால் மூடிவிட்டுப் பசளிக்கீரையைப் பொடியாக அரிந்தான். பெட்டியைத் திறந்து ஒரு தகர டின்னை எடுத்தான். உள்ளே உப்புத்தண்ணீரில் வெள்ளைச் சீஸ் மிதந்தது. அவள் மூக்கைச் சுளித்ததும், ஆட்டுப்பால்தான், ஹலால்தான் என்று மூன்று தரம் சொன்னான்.

பிறகு மேசையில் பூப்போட்ட துணியை விரித்து, சோடாப் போத்தலால் மாவை உருட்டி, புறங்கைகளில் தூக்கி மெல்ல மெல்ல இழுத்தான். துணியிலிருந்த பூக்கள் மாவுக்கூடாகத் தெரிந்தன. எங்கும் கிழியவில்லை.

ஸல்ஹாவின் சமோசாவுக்கு ஊரில் நல்ல பெயர். ஆனால் அவளுக்கும் இந்த வித்தை வராது.

சந்தோசப்படுவதா, சந்தேகப்படுவதா என்று அவளுக்குப் புரியவில்லை. இதை அடுத்த வீட்டு ரபீக்காவிடம் சொன்னால் வயிறெரிந்து போவாள். சொல்லலாமா என்றும் தெரியவில்லை.

"ஆரு மச்சான் உங்களுக்கு இதப் பழக்கின?"

"கப்பல் கோக்கிதான்." தலையை நிமிர்த்தாமலே சொன்னான்.

இருக்கலாம். ஆனால் கப்பலில் முப்பது பேருக்குச் சமைக்கிற கோக்கி அண்டாக் கணக்கில் அல்லவா பழக்கியிருப்பான்? ஒரு சின்ன வீட்டுக்கு ஒரு சுண்டு மா போதும் என்று இவனுக்கு எந்தக் கோக்கி சொல்லிக்கொடுத்தான்?

கீரை அரிந்த கத்தியைக் கழுவி, எட்டி அலுமாரியின் உச்சியில் வைத்தான். அவளுடைய குசினியில் கத்தி எப்போதும் தரையில்தான் கிடக்கும். கப்பல் பழக்கமாக்கும் என்று நினைத்தாள். ஆடுகிற கப்பலில் உயரத்தில் வைத்த கத்தி தலையில் அல்லவா விழும் என்று அடுத்த நிமிடமே தோன்றியது. அதற்குமேல் அவளுக்கு யோசனை ஓடவில்லை.

வந்த அன்றே, இனிக் கப்பலுக்குப் போகமாட்டேன் என்று அவளுடைய கையைப் பிடித்துச் சொல்லியிருந்தான். அந்தப் பேச்சை நம்பி வீட்டுக் கதவைத் திறந்து வைத்திருக்கிறாள். நம்பலாமா என்பதுதான் இந்த ஏழு நாளும் அவளைத் தின்றுகொண்டிருந்த கேள்வி.

இழுத்த மாவைப் பட்டி பட்டியாக வெட்டினான். நுனியில் கீரையும் சீஸும் வைத்து, மூலைக்கு மூலை மடித்து முக்கோணமாக்கினான். தாச்சியில் போட்டதும் எண்ணெய் சீறியது. கண்மூடித் திறப்பதற்குள் பொன்னிறமாகி, மேலே ஏடு ஏடாகப் பிரிந்தது. வாசனை துறைமுகம்வரை போயிருக்கும்.

பசியில் அவளுக்கு வாயூறியது. அந்த வாசனைமேல் கோபமும் வந்தது.

பாங்கு கேட்டது.

பாயில் அவனுக்கு இடப்பக்கமாக அமர்ந்தாள். பேரீச்சம்பழமும் தண்ணீருமாக இருவரும் நோன்பு திறந்தார்கள். கஞ்சிக் கோப்பையை நீட்டினாள். அவன் கவனிக்கவில்லை. துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் ஊதியது. அதைக் கேட்டபடியே ஒரு பலகாரத்தை எடுத்து இரண்டாகப் பிய்த்தான்.

பகல் முழுக்க வெறும் வயிற்றோடு கிடந்த மனிதன் அதை வாயில் போடவில்லை.

ஊதினான். உதட்டில் ஒற்றிச் சூடு பார்த்தான். இன்னொரு தரம் ஊதினான்.

பிறகு, திரும்பிப் பாராமலே, அந்தத் துண்டை வலப்பக்கமாக நீட்டினான்.

அவனுடைய வலப்பக்கத்தில் பாய் மட்டும்தான் இருந்தது.

பாயிலிருந்து ஒரு முழ உயரத்தில் கை நின்றது. ஊட்டுகிறவர்களின் வாய் அவர்களை அறியாமலே திறந்துகொள்ளுமே, அப்படி அவனுடைய வாயும் கொஞ்சம் திறந்திருந்தது.

கலியாணமாகிப் பத்து வருசம். அந்த வீட்டில் பிள்ளை இல்லை.

கை அந்தரத்தில் நிற்பதை அவனும் கண்டான். மடக்கவும் இல்லை, நீட்டவும் இல்லை.

ஸல்ஹா கஞ்சிக் கோப்பையைப் பாயில் வைத்தாள். ஏழு நாளாகச் சேர்த்து வைத்திருந்த கேள்விகளெல்லாம் எங்கே போயின என்று தெரியவில்லை. ஒன்றே ஒன்றுதான் வாயில் வந்தது.

"எத்தன வயசு?" என்று கேட்டாள்.