பச்சை விளக்கு

“மேல் மாடி வரைக்கும் எட்டணும். பச்சை விளக்கு மினுங்கணும். மத்தது எப்படி இருந்தா எனக்கென்ன?” என்றார் ஹாஜி வஜீஹ்.

கடைக்காரன் ரிஃபாத்துக்குச் சிரிப்பு வந்தது. மனிதர் வைத்திருப்பதோ பட்டன் போன். மனைவி போன பிறகு தனிக்கட்டை வேறு. இவருக்கு எதற்கு நாலு கொம்பு வைத்த வைஃபை ரவுட்டர்?

“விளக்கு எதுக்கு ஹாஜி? கல்யாண வீடா?”

“பழசு செத்து மூணு நாளாச்சு. மூணு நாளும் நான் தூங்கல. போதுமா?”

ரிஃபாத் நாலு கொம்புப் பெட்டியை எடுத்துக் கட்டினான். மாலையில் மாட்டிக் கொடுக்க அவனே வந்தான். அலெக்ஸாண்ட்ரியாவின் ஈரக்காற்று ஏறிய பழைய கட்டடம் அது. படியில் ஒருவன் காலி ரொட்டிப் பையோடு இறங்கி வந்தான். இவர்களைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ரிஃபாத் சொன்ன ஸலாமுக்குப் பதில் சொல்லாமல் போய்விட்டான்.

“ஸலாம் சொன்னா பதில் சொல்லவும் வாய் வலிக்குதா இவனுக்கு? யாரு ஹாஜி?”

“மேல் வீடு.”

ரிஃபாத் மடிக்கணினியை விரித்தான். “முதல்ல ஃபர்ம்வேரை, அதான் பெட்டிக்குள்ள இருக்கற மென்பொருளை, புதுப்பிக்கணும். நடுவுல கரண்ட் போனா பெட்டி காலி.”

ஹாஜி பிளக்கை விட்டு நகராமல் காவல் நின்றார். ஊற்றி வைத்த தேநீர் ஆறிப்போனது. ஒரு வழியாக வேலை முடிந்தது.

“பாஸ்வேர்டையும் மாத்திடறேன்.”

“வேணாம். வைஃபை பேரும் பாஸ்வேர்டும் பழசேதான்.” ஹாஜி ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார்.

“ஏதோ பிறந்த தேதி மாதிரி இருக்கே! எவன் வேணா கண்டுபிடிச்சிடுவான்.”

“பழசையே போடுன்னேன்.”

ரிஃபாத் போட்டுக் கொடுத்தான். விளக்கு அசையாமல் எரிந்தது. ஹாஜி அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அந்த வீட்டில் அவருக்குத் துணையென்று வேறு எதுவும் இல்லை.

படியில் செருப்புச் சத்தம் ஏறியது. மேலே கதவு சாத்தும் ஓசை கேட்டது. விளக்கு படபடவென்று மினுங்கத் தொடங்கியது.

“ஹாஜி! எவனோ உங்க நெட்டைத் திருடறான்!” ரிஃபாத் திரையைப் பார்த்துத் துள்ளினான். “ஒரு நிமிஷம், ஆளை வெளியே தள்ளிடறேன்.”

ஹாஜி பாய்ந்து அவன் கையைப் பிடித்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

“விட்டுடுப்பா. நாலு வருஷமா என் பையன் என்கிட்டேர்ந்து வாங்கிக்கறது இது ஒண்ணுதான்.”